புல்லிக்குப் பொட்டு வைத்தவன்

பதினான்கு ஆயுத பூஜைகளாக ஒரு திருகாணியை என் கையாலேயே சந்தனம் அப்பி அடக்கம் செய்திருக்கிறேன். பிறகு, அப்படி ஒரு திருகாணி இருப்பதே தெரியாமல், அது பிடித்துக்கொண்டிருந்த புல்லியை மூன்று நாள் சுத்தியலால் அடித்தேன். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. என் அக்கா வாயால் நீங்கள் கேள்விப்பட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

அக்காவும் அத்தானும் திருப்பாலைக்குடிக்கு மேற்கே உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் விவசாயம் பார்க்கிறார்கள். ஒரு ஏக்கர் குண்டு மிளகாய், ஓரத்தில் ஒரு பண்ணைக்குட்டை, குட்டைக்கரையில் ஒரு பழைய டீசல் எஞ்சின், எஞ்சினோடு பெல்ட் போட்டு இணைத்த தண்ணீர் பம்பு. நான் ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து காகிதம் பார்க்கிறவன். மிச்ச நேரத்தில் புத்தகம் பார்க்கிறவன். ஆயுத பூஜைக்குத் தவறாமல் ஊருக்குப் போய்விடுவேன். அங்கே வேலை ரொம்ப வருஷத்துக்கு முன்பே பிரிக்கப்பட்டுவிட்டது. அத்தான் எஞ்சினைத் துடைப்பார். அக்கா பொங்கல் வைப்பாள். நான் பொட்டு வைப்பேன். வேறு எதை நான் செய்தாலும் யாராவது ஒருவர் அதைத் திரும்பச் செய்யவேண்டியிருக்கும் என்பதால் வந்த ஏற்பாடு இது.

பம்பின் தண்டில் மாட்டியிருக்கும் இரும்புச் சக்கரம்தான் புல்லி. அதன் கழுத்துப் பகுதியில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு குழி. இரும்பில் வைக்கும் பொட்டு காய்ந்ததும் உதிர்ந்துவிடும் என்பது இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்த எல்லோருக்கும் தெரியும். குழிக்குள் வைத்தால் உதிராது. வார்ப்படக்காரன் பொட்டு வைப்பதற்கென்றே விட்ட குழி என்றுதான் நினைத்தேன். சாதாரண மூளை உள்ள ஒருவன் இரும்பில் எதற்காக மெனக்கெட்டு ஒரு குழி தோண்டுவான் என்று யோசித்திருப்பான். எனக்கு அழகுணர்ச்சி இருந்தது. வருஷத்துக்கு ஒரு வில்லை சந்தனம், நடுவில் ஒரு துளி குங்குமம், அடுத்த வருஷம் அதன் மேலேயே இன்னொன்று. இடையில் ஒரு பொங்கலுக்குச் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு போய்ப் புல்லி முழுக்க, பொட்டையும் சேர்த்து, இரண்டு கை பூசினேன். பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்துவிட்டு, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு என்றார். இதைவிடப் பெரிய பாராட்டை என் அலுவலகத்தில் நான் வாங்கியதில்லை.

இந்த வருஷம் தை பிறந்து பத்து நாளில் பம்பு கத்த ஆரம்பித்தது. பேரிங் போய்விட்டது. பேரிங்கை மாற்ற வேண்டுமானால் முதலில் புல்லியைத் தண்டிலிருந்து கழற்றியாக வேண்டும். மழை சீக்கிரமே விடைபெற்றுக்கொண்ட வருஷம். செடியெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூ. நாலைந்து நாளுக்குள் ஒரு தண்ணீர் கொடுக்காவிட்டால் பூ நிற்காது, பூ நிற்காவிட்டால் காய் கிடையாது, காய் இல்லாவிட்டால் அக்காவுக்கு அந்த வருஷமே கிடையாது. குட்டையில் தண்ணீர் கிடந்தது. அதை இருபது அடி தூரம் தூக்கிவிட ஆள் இல்லை. சுற்றுவட்டாரத்தில் இருந்த பம்புகளெல்லாம் அவரவர் காட்டில் ஓடிக்கொண்டிருந்தன; ஒரு வாரம் கழித்து வேண்டுமானால் தருவதாகச் சொன்னார்கள். வழக்கமாக வரும் மெக்கானிக் தை அமாவாசைக் கூட்டத்துக்காக ஏதோ லாட்ஜின் தண்ணீர் மோட்டாரைப் பார்க்க ராமேஸ்வரம் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். போனையும் எடுக்கவில்லை. புண்ணியம் தேடி வந்த ஆயிரம் பேருக்குக் குளிக்கத் தண்ணீர் கொடுப்பவரை மிளகாய்ச் செடிக்காக எப்படிக் கூப்பிடுவது?

அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்: நான் பாத்துக்கிறேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அத்தான்தான் பேசினார். "பாத்துக்கிட்டே இருந்தா பத்தாது மாப்ள. கழட்டணும்ல."

என் தகுதிகளை இங்கே பட்டியல் போட இடம் அதிகம் தேவைப்படாது. ஒருமுறை வீட்டு மின்விசிறியைப் பழுது பார்த்திருக்கிறேன். அது இருந்த இடத்தில் இப்போது வேறொரு மின்விசிறி ஓடுகிறது. ஆனால் என்னிடம் கையேடு இருந்தது. இணையத்தில் தேடி, இதே மாதிரி பம்புக்கு உரிய நாற்பது பக்கக் கையேட்டை அலுவலக அச்சுப்பொறியில் எடுத்து, தைத்து, அட்டை போட்டு வைத்திருந்தேன். அதில் தெளிவாகப் போட்டிருந்தது: புல்லி தண்டின் மேல் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், சுழலாமல் இருக்க ஒரு ஆப்பு உண்டு, வேறு பிடிமானம் எதுவும் இல்லை. அந்தக் கையேட்டில் இருந்த மாடலுக்கும் எங்கள் மாடலுக்கும் கடைசியில் ஓர் எழுத்து வித்தியாசம் என்பது எனக்குத் தெரியவந்தபோது தெரிந்து பிரயோஜனம் இல்லாமல் போயிருந்தது.

மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ராமநாதபுரத்திலேயே பேரிங்கும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து தண்டைச் சுற்றி ஊற்றி ஊறப்போட்டேன். அடம்பிடிக்கிற பாகத்தை முதலில் நனைக்க வேண்டும், பிறகு காத்திருக்க வேண்டும் என்பது எல்லா நூல்களிலும் உள்ள பாடம். காத்திருந்தேன். கட்டையை வைத்துத் தட்டினேன். கட்டை பிளந்தது. சுத்தியலால் தட்டினேன். புல்லி, நான் யாரோ என்பதுபோல் இருந்தது.

வேலை நடக்கும் இடத்தைக் கடந்து போன எல்லோரும் நின்றார்கள். நம்மூரில் பூட்டிய வீட்டைக்கூட எட்டிப் பார்க்காமல் போய்விடுவார்கள். கழன்று வராத ஒரு பொருளைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா போகமாட்டார்கள். ஒருவர் தேங்காய் எண்ணெய் என்றார். ஒருவர் சோடாவும் எலுமிச்சையும் என்றார். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இது வராது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். சிந்தித்துப் பார்த்தால், வந்தவர்களிலேயே அவர் ஒருவர் சொன்னதுதான் மூன்று நாளும் பொய்க்கவில்லை.

இரண்டாம் நாள் பக்கத்து ஊரிலிருந்து புல்லர் என்ற கருவியை இரவல் வாங்கிவந்தேன். மூன்று கொக்கிக் கால்களால் சக்கரத்தைக் கவ்விக்கொண்டு, நடுவில் உள்ள திருகைத் தண்டின் மேல் முறுக்க முறுக்க இழுக்கும். எளிமையும் வன்மையும் சேர்ந்த அபாரமான கண்டுபிடிப்பு. முறுக்கினேன். அத்தானும் சேர்ந்து முறுக்கினார். படாரென்று ஒரு சத்தம். வந்துவிட்டது என்று நான் கைதட்டினேன். புல்லரின் ஒரு கால் வளைந்திருந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் தீயைக் கையில் எடுத்தேன். கோட்டை முற்றுகைகளைப் பற்றி நிறையப் படித்தவனுக்கு இதுதான் அடுத்த கட்டம். கருவேலங்கரியை மூட்டிப் புல்லியின் கழுத்தருகே ஒரு தகரத்தில் வைத்து விசிறினேன். சூட்டில் இரும்பு விரியும், பிடி தளரும் என்பது விதி. என் சிவப்புப் பெயிண்ட் கொப்பளித்தது. குழிக்குள் இருந்த சந்தனம் மேலே கறுத்து, செங்கல் மாதிரி வெந்து இறுகியது. கடையில் விற்கும் சந்தனத்தில் மரம் எவ்வளவு, மாவு எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். புல்லி அசையவில்லை.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது அக்கா என்ன செய்தாள் என்பதையும் சொல்லவேண்டும். தினமும் காலையில் மிளகாய்ப் பாத்திகளுக்குள் ஒரு நடை போவாள். முதல் நாள் வரும்போது உதிர்ந்த பூ ஐந்தாறைக் கொண்டுவந்து, விரித்துக் கிடந்த என் கையேட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் ஒரு கைப்பிடி. மூன்றாம் நாள் முந்தானையை அவிழ்த்துக் கொட்டினாள். பதினெட்டாம் பக்கமும் பத்தொன்பதாம் பக்கமும் தெரியாமல் மூடிவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் அந்த வீட்டில் நாய்கூடக் குரைக்காது.

அன்று வெள்ளிக்கிழமை. அத்தான் என்னிடம் சொல்லாமலே திருப்பாலைக்குடியில் வள்ளங்களுக்கு எஞ்சின் பார்க்கும் பாய் ஒருவருக்குப் போன் போட்டுவிட்டார். ஜும்மா முடித்துவிட்டு வருவதாக அவர் சொன்னாராம். எனக்குக் கோபம். இன்னும் அரை நாள் கொடுத்திருந்தால் முடித்திருப்பேன் என்றேன். எதை என்று அத்தான் கேட்டார்.

பாய் மொபெட்டில் வந்து இறங்கினார். என் வயதுதான் இருக்கும். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மீன் வாடையடிக்கும் ஒரு சாக்குப்பையைத் தரையில் வைத்தார். பையைத் திறக்கவில்லை. பம்பைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார். எதிர்ப்பக்கமாக இன்னொரு வட்டம் நடந்தார். குத்தவைத்து உட்கார்ந்து என் சுத்தியல் அடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆசிரியர் நம் விடைத்தாளை நம் முன்னாலேயே திருத்துவது போல இருந்தது. பிறகு என் பொட்டுக்கு மூன்று அங்குலம் தள்ளி, படாமல், விரலை நீட்டினார்.

"இங்கன ஒரு திருகாணி இருக்கணுமே சார்."

"இந்த மாடல்ல கிடையாது பாய். கையேட்லயே போட்ருக்கு" என்று பூவைத் தட்டிவிட்டுப் பக்கத்தைக் காட்டினேன்.

"போட்ருந்தா சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பொட்ட எடுக்கலாமா?" என்று கேட்டார்.

இதற்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியிருக்கலாம். கருவிகளை வணங்கும் வழக்கம் எந்தெந்த நாகரிகங்களில் எப்படி வந்தது, கொல்லனும் தச்சனும் உழவனும் ஏன் வருஷத்துக்கு ஒரு நாள் கருவிக்கு ஓய்வு கொடுத்தார்கள் என்பதையெல்லாம் பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், அது பாட்டுக்கு இருக்கட்டும் பாய், உங்களுக்கு ஒன்றும் இடைஞ்சல் இல்லையே என்று பெருந்தன்மையாக முடித்தேன். ஒரு முஸ்லிம் மனிதர் நம் பொட்டைத் தொடத் தயங்குகிறார், நாமும் அவரைச் சங்கடப்படுத்தாமல் விட்டோம் என்று உள்ளூர எனக்கு ஒரு நிறைவு.

"வள்ளத்துல ஒரே எஞ்சின்ல மூணு சாமியும் இருப்பாங்க சார்" என்றார் அவர். "ஓனர விட்டு எடுக்கச் சொல்லிட்டுத்தான் நான் ஸ்பேனரத் தொடுவேன்."

எவ்வளவு உயர்ந்த பண்பாடு என்று வியந்து, அதையும் அவரிடமே சொன்னேன். ஓனரை விட்டு எடுக்கச் சொல்வது என்று அவர் குறிப்பிட்டது ஓனரின் மச்சினனான என்னிடம்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அவர் தன் பையிலிருந்து சொந்தப் புல்லரை எடுத்து மாட்டினார். என்னைப் போல் முறுக்கவில்லை. கால் சுற்று முறுக்கி, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். இன்னொரு கால் சுற்று. இன்னொரு தட்டு. பிறகு புல்லரைத் தளர்த்திக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். மேற்கொண்டு இழுத்தால் சக்கரம் உடையும் என்றார். உடைந்தால் இந்தப் பழைய பம்புக்கு வேறு புல்லி மதுரையில் தேடவேண்டும், அதற்கு ஒரு வாரம் ஆகும். அத்தான் முகம் கறுத்துப்போனது.

"இது துருப் பிடிச்ச பிடி இல்ல" என்றார் பாய். "துருன்னா சுத்திவரப் புடிக்கும். இது ஒரு ஆளு கையப் புடிச்சிக்கிட்டு விடாத மாதிரி ஒரே எடத்துல புடிக்குது."

அந்த நேரத்தில் அக்கா வரக்காப்பி கொண்டுவந்தாள். பாயிடம் டம்ளரைக் கொடுத்துவிட்டு, என்ன வேண்டும் என்று நேராகக் கேட்டாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். படித்த மனுஷனை மீறிப் பேசுகிறோமே என்ற சங்கடம் அந்தப் பார்வையில் இருந்தது.

"அந்தப் பொட்ட எடுக்கணும்க்கா. நான் எடுத்தா நல்லாருக்காது."

அக்கா வேறொன்றும் கேட்கவில்லை. புல்லியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். உட்கார்ந்து குத்தத் தொடங்கினாள்.

மேலே கறுப்பு ஓடு உடைந்தது. உள்ளே மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு. மரத்தை அறுத்தால் வளையங்கள் தெரியுமே, அப்படி என் ஆயுத பூஜைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன. நடுவில் கெட்டியாகப் பெயிண்ட். அது வரும்போது அக்கா ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குத்தினாள். அதற்கும் கீழே மறுபடி மஞ்சள், சிவப்பு. அத்தான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அடியில் கொஞ்சம் கறுத்த கிரீஸ். அதைத் துடைத்ததும், ஆறு பட்டையாக வெட்டிய குழியோடு, புதுக் காசு மாதிரி மினுமினுவென்று திருகாணியின் தலை தெரிந்தது.

"இருக்கு" என்றாள் அக்கா.

என் வாழ்க்கையில் நிறைய விமர்சனங்களைப் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமானதைப் படித்ததில்லை.

பாய் அதற்குரிய அலன் சாவியை நுழைத்து ஒரு திருப்புத் திருப்பினார். எண்ணெய் வேண்டியிருக்கவில்லை, சுத்தியல் வேண்டியிருக்கவில்லை. நேற்று மாட்டியதுபோல அது பாட்டுக்குச் சுழன்று வந்தது. புல்லியின் முதுகில் மரக்கட்டையால் இரண்டு தட்டு. மூன்று நாள் டீசல் குடித்து, அடி வாங்கி, தீக்குளித்தும் அசையாத அந்தச் சக்கரம் தண்டிலிருந்து வழுக்கி, கைக்குழந்தை மாதிரி அவர் மடியில் வந்து உட்கார்ந்தது.

பாய்தான் என் மேல் இரக்கப்பட்டார். திருகாணியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். கடல் காற்று அடிக்கிற ஊரில் இந்த வயசுள்ள திருகாணி இப்படிச் சுத்தமாக இருந்து அவர் பார்த்ததில்லையாம். சந்தனமும் பெயிண்டும் காற்றை உள்ளே விடவில்லையாம். இல்லாவிட்டால் இதைத் துளையிட்டுத்தான் எடுத்திருக்க வேண்டுமாம்.

எனக்கு மூச்சு வந்தது. "அப்படின்னா ஒரு வகையில பாத்தா…" என்று ஆரம்பித்தேன்.

"அந்த வகைய விட்ரு மாப்ள" என்றார் அத்தான்.

பேரிங் நான் வாங்கிவந்ததுதான் சரியாகப் பொருந்தியது. கடைக்காரர் என்னைப் பேசவிடாமல் பம்பின் பெயரை மட்டும் கேட்டு எடுத்துக் கொடுத்தது அது. வெயில் சாய்வதற்குள் பெல்ட் மாட்டியாயிற்று. அத்தான் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். எஞ்சின் இரண்டு முறை இருமியது. கறுப்பாக ஒரு புகை விட்டது. பிறகு தன் பழைய தாளத்தைப் பிடித்துக்கொண்டது. குழாய் முதலில் காற்றை விட்டது. அடுத்து ஒரு கை சேற்றை. அடுத்து, தொடை கனத்துக்குத் தண்ணீர்.

முதல் தண்ணீரில் பாய் ஒளு செய்தார். கை, வாய், முகம், கால் என்று அவசரமில்லாமல் கழுவிவிட்டு, துண்டை உதறி வரப்போரம் விரித்து அஸர் தொழப் போய்விட்டார். அவர் தொழுது எழுவதற்குள் வாய்க்கால் பாதி நிறைந்திருந்தது. அக்கா மம்பட்டியோடு தண்ணீருக்கு முன்னால் நடந்தாள். தண்ணீர் பின்னால் வந்தது. அவள் பாத்தி மடையைத் திறக்கத் திறக்க, கூப்பிட்டதுபோல் அது உள்ளே நுழைந்தது. வெடித்துக் கிடந்த மண் உறிஞ்சும் சத்தம் நிஜமாகவே காதில் விழுந்தது. நான் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு அவள் பின்னால் போனேன். எங்கிருந்தோ கொக்குகள் நாலைந்து அழைப்பில்லாமல் வந்து சேர்ந்துகொண்டன. மூன்றாவது பாத்தியில் என்னிடம் மம்பட்டியைக் கொடுத்தாள். நான் மடையைத் திறந்ததில் தண்ணீர் பாதைக்குப் போய்விட்டது. வாங்கிக்கொண்டாள். திட்டவில்லை. திட்டவில்லை என்பதோடு, சிரித்தாள். மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு. ஆரம்பித்ததும் நிறுத்த முடியாமல், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள்.

அத்தான் சட்டையோடு குழாய்க்கு அடியில் போய் நின்றுவிட்டார். உடம்பெல்லாம் கிரீஸும் கரியுமாக இருந்த என்னையும் பிடித்து உள்ளே இழுத்தார். கண்ணாடியைக் கழற்ற நேரமில்லை. தலையில் விழுந்த தண்ணீரின் கனத்தில் நாற்பது பக்கக் கையேடும் மறந்துபோனது. அதை அக்கா அன்றைக்கே அடுப்புக்கு எடுத்துக்கொண்டாள் என்பது பிறகு தெரிந்தது. பாய் கரையில் நின்று, ஏதோ வள்ளம் கரையேறியதைப் பார்ப்பவர்போல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பாத்தி நனைகிற வரைக்கும் அவர் கிளம்பவில்லை.

பூ நின்றது. காய் பிடித்தது. பங்குனியில் களத்தில் காயப்போட்ட மிளகாய் குண்டு குண்டாக, சிவப்பாக, கிட்டே போனாலே தும்மல் வரும்படி கிடந்தது. அந்த மாதமே உறவில் ஒரு காதுகுத்து வந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் பந்தலில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். யாரோ மிளகாயைப் பற்றிக் கேட்க, நான் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. சந்தனம் திருகாணியைக் காப்பாற்றிய பகுதிக்கு உரிய இடத்தைக் கொடுத்தேன். புல்லர் வளைந்ததை வேகமாகக் கடந்தேன். ஆள்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் மட்டும் அந்தத் தண்ணீர் பாய்ந்திராவிட்டால் ஒரு காய்கூட மிஞ்சியிருக்காது என்று சொல்லி, குரலைத் தாழ்த்தி முடித்தேன்.

பின்னால் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"மறுநா விடியறதுக்குள்ள ஊருக்கே மழ பேஞ்சுச்சே தம்பி, அத எப்பச் சொல்லப் போற?"